மறைக்கலாம், பிய்க்கக் கூடாது

ஜூன் 9, திங்கள்

"மைனி, இந்த முடிச்ச இனி என்ன செய்ய?"

போன வருஷம் புரட்டாசியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், என் சம்பந்தி பிரமு மைனி என்னிடம் கேட்ட கேள்வி இது. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். பிள்ளைகள் கேட்டது தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றாவது சொல்வேன். இந்தக் கேள்விக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

மைனி கையில் இருந்தது மஞ்சள் துணி முடிச்சு. வீட்டில் யாருக்காவது உடம்பு மோசமானால், வெள்ளைத் துணித் துண்டை மஞ்சளில் நனைத்து, அதில் ஒரு ரூபாயை முடிந்து, சாமியை நினைத்து எடுத்து வைப்போம். குணமானதும் அதைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். என் மகள் சுபாஷிணி காய்ச்சலில் கிடந்தபோது நான் ஒன்று முடிந்தேன். அவள் மாமியாரான பிரமு மைனி எனக்குத் தெரியாமல் இன்னொன்று முடிந்திருந்தார். சுபா குணமாகவில்லை. குணமாகாதவர்களுக்காக முடிந்ததை எங்கே சேர்ப்பது என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. என்னுடையது பீரோவில் இருக்கிறது.

இதை இன்று எழுதக் காரணம் பியூலா டீச்சர். எங்கள் பள்ளியில் ஓவியம் எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு தன் வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்திருக்கிறார். ஒரே அட்டையில் இரண்டு பேர் சேர்ந்து துணி, காகிதம், இலை எல்லாம் ஒட்டி, மேலே வண்ணமும் தீட்டிப் படம் செய்வார்களாம். "ஜோடியோட வா செண்பகம்" என்றார். என் கணவரைக் கேட்டேன். இவர் இப்போதெல்லாம் மருந்துக் கடைக்கும் பாலுக்கும் தவிர எங்கும் வருவதில்லை.

பிரமு மைனியைக் கேட்கலாம் என்று தோன்றியது. டவுனில் தையல் மெஷின் வைத்திருப்பவர், வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. இது ஒரு காரணம். இன்னொன்று, அந்த வீட்டில்தான் என் மகள் பெயரைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சுபா வச்ச செடி, சுபா வாங்குன குக்கர் என்று. இங்கே அந்தப் பெயரை எடுத்தால் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். மைனி மாதாமாதம் சுபா போன தேதியில் போன் செய்வார். போன மாதம் செய்யவில்லை.

மருமகன் நயினாருக்கு முப்பத்து நாலு வயது. குழந்தையும் இல்லை. மேலே எழுதத் தேவையில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மைனி வருகிறாராம். கத்தரிக்கோல் கொண்டுவரவா என்று கேட்டார். கொண்டுவாருங்கள் என்றேன்.

ஜூன் 14, சனி

முதல் வகுப்பு. மொத்தம் நாலு ஜோடி. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அட்டையின் மேல்பாதி யாருக்கு என்று இருவருக்கும் வந்ததுமே தகராறு. "வீட்டுலயும் மேல்மாடி இவருக்குத்தான், கரண்டு பில்லு எனக்கு" என்று அந்த அம்மா சொன்னதும் பிரமு மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பியூலா டீச்சர் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். ஒரு வாரம் அட்டை ஒருவர் வீட்டில், மறு வாரம் மற்றவர் வீட்டில். ஒருவர் ஒட்டியதன்மேல் மற்றவர் ஒட்டலாம், வண்ணம் பூசலாம். அனுமதி கேட்கக் கூடாது. "மறைக்கலாம், பிய்க்கக் கூடாது. பிய்ச்சா அட்டையும் சேந்து உரிஞ்சு வந்துரும்" என்றார்.

முதல் துண்டை யார் ஒட்டுவது என்பதில் இருவருக்கும் தயக்கம். புது நோட்டுக் கொடுத்த அன்று பிள்ளைகள் முதல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்தில் எழுதுமே, அதைப் போல அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் மைனி செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, நடுவில் ஒட்டிவிட்டார். கோணலாக இருக்கிறதே என்றேன்.

"நேரா வெட்டுறதுதான் எனக்குத் தினம் வேலையா இருக்கே மைனி. இதுலயாவது கோணலாப் போவட்டும்."

எங்கள் பக்கத்தில் சம்பந்திப் பெண்கள் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு பேரும் மைனி மைனி என்று பேசுவதைக் கேட்டு மேனேஜர் வீட்டம்மா, அக்கா தங்கையா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பிரமு மைனி "சம்பந்தி" என்றார். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. மைனி பசைக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

அட்டை என் வீட்டில். மைதாவைக் காய்ச்சிப் பசை கிளறினேன். பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டேன். செடி உலர்த்தி ஒட்டிய காலத்துப் பழக்கம். இவர் எட்டிப் பார்த்து, "அல்வாவா?" என்றார். இல்லை என்றதும் போய்விட்டார். ஆனாலும் எட்டிப் பார்த்தார்.

பழைய பாடப் புத்தகங்களுக்கு நடுவே இருந்து ஓர் அரச இலைக் கூடு கிடைத்தது. பச்சை முழுக்கப் போய் நரம்பு மட்டும் நின்றது. அதைச் செய்தித்தாள் துண்டின் பக்கத்தில் ஒட்டினேன். மேலே கனமாகப் புத்தகம் வைத்து ஒரு பகல் முழுக்க விட்டேன். ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் எல்லாம் சேர்ந்து சுருங்கிவிடும். ஒவ்வொரு அடுக்கும் காயும்வரை பொறுக்க வேண்டும். ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் தப்பு செய்வது இந்த இடத்தில்தான்.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டிக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அட்டையைப் பழைய வேட்டியில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர், "என்னம்மா, கேரம் போர்டா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது எளிது.

மைனி வீட்டுச் சுவரில் சுபா படம். அது மாட்டியிருக்கும் கூடத்துச் சுவர் முழுக்க நீலம் கலந்து அடித்தது. அந்தச் சுவருக்கு நீலம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அடிக்கவைத்தவளே அவள்தான். புதுப்பெண்ணாகப் போய் மூன்றாம் மாதமே அப்படி ஓர் அதிகாரம்.

நயினார் வந்து "வாங்க அத்தை" என்றார். காபி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே கிளம்பினார். முகம் தெளிந்திருக்கிறது. சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். எனக்குச் சந்தோஷம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

அட்டை ஒரு வாரம் தள்ளித் திரும்பி வந்தது. என் அரச இலைமேல் பாதிக்குப் பச்சைப் புடவைக் கரையை ஒட்டி வைத்திருக்கிறார் மைனி. பார்த்ததும் சுருக்கென்றது. எத்தனை வருஷத்து இலை.

பிறகு யோசித்தேன். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததும், காய்கிற நேரத்தில் நேற்றைய கணக்கு மங்கலாகத் தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்து விடை எழுதப் பார்ப்பார்கள். அந்தக் கரைக்கு அடியில் இலை நரம்பு அப்படித்தான் மேடாகத் தெரிந்தது. விரலால் தடவினால் முழு இலையும் இருக்கிறது.

ஜூலை 12, சனி

வகுப்பில் மெல்லிய காகிதத்தை ஒட்டி, நீர்த்த வண்ணத்தை மேலே ஓட்டுவது எப்படி என்று காட்டினார்கள். அடியில் இருப்பது பனிக்குள் இருப்பதுபோல் தெரிகிறது. மேனேஜர் தன் மனைவி ஒட்டிய பூவின்மேல் முழுக்கக் கறுப்பைப் பூசிவிட்டார். அந்த அம்மா கறுப்பின்மேல் அதைவிடப் பெரிய பூவாக ஒட்டினார்.

நடுவில் மைனிக்குப் போன் வந்தது. படியிறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். யாரென்று நான் கேட்கவில்லை. ஊரிலிருந்து அண்ணன் என்று அவராகவே சொன்னார். அதற்குப் பிறகு வெட்டிய துணியெல்லாம் பிசிறு பிசிறாக வந்தது.

ஜூலை 19, சனி

தண்ணீர் வரவில்லை. வகுப்புக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சித்ரான்னம் செய்தேன், இரண்டு பேருக்கு அளவாக. சுபா இருந்தால் தேங்காய்ச் சாதத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புளிச்சாதத்தை அப்பாவுக்குத் தள்ளுவாள். இதைச் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எழுந்து போய்விடுவாரே என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அட்டை கூடுதலாகக் கொஞ்ச நாள் தன் வீட்டில் இருக்கட்டும் என்று மைனி போனில் சொன்னார். வீட்டில் வேலை நடக்கிறதாம். என்ன வேலை என்றேன்.

"வெள்ளையடிக்கோம் மைனி. திவசம் வருதுல்லா."

நல்லது என்றேன். திவசத்துக்கு இன்னும் ஒன்றரை மாதத்துக்குமேல் இருக்கிறது. சிலர் எதையும் முன்கூட்டியே செய்து வைப்பார்கள். மைனி அந்த ரகம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அட்டையை நயினார் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியைவிட்டு இறங்காமலே, "அம்மாவுக்கு வேலை அத்தை, அதான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து ஒரு வாய் காபி சாப்பிடச் சொன்னேன். இன்னொரு நாள் வருகிறேன் என்றார்.

அட்டையின் வலது பக்கம் முழுக்க மைனி வெள்ளை பூசியிருக்கிறார். கோலமாவு கரைத்ததுபோல் சொரசொரப்பான வெள்ளை. நன்றாகத்தான் இருக்கிறது. அத்தனை துணிக்கும் காகிதத்துக்கும் நடுவே கண்ணுக்கு ஓர் இளைப்பாறும் இடம்.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் பீரோவில் இருக்கும் முடிச்சு ஞாபகம் வந்தது. அது வேறு எங்கும் போகப் போவதில்லை. எடுத்து அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. காசு கீழே விழுந்து உருண்டது. இவர் குனிந்து எடுத்தார். உண்டியலில் போடவா என்று கேட்பார் என்று நினைத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

துணியை நீவி, பசையை நன்றாகத் தடவி, வெள்ளையின் நடுவில் ஒட்டினேன். மேலே புத்தகம் வைத்தேன். நல்ல மஞ்சளாக இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் புத்தகத்தை எடுத்தால் துணி சிவந்து கிடக்கிறது.

என் கண்ணில்தான் கோளாறு என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் அவள் கையிலிருந்து ஊசியை எடுத்தபின் வைத்த பஞ்சு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குள் இருக்கும் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும். ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வகுப்பு. மஞ்சள் தடவிய காகிதத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகும். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அந்த மஞ்சள் எங்க போச்சு?" என்று கேட்டாள். எங்கும் போகவில்லை, சுண்ணாம்பு இருக்கும்வரை அதற்கு இந்த நிறம் என்றேன். ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு நேற்று என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். என் பசையின் ஈரம் சுண்ணாம்பை எழுப்பிவிட்டது.

ஆக, அது வண்ணக்கடை வெள்ளை அல்ல. சுவருக்குக் கலக்கியதில் மிச்சம்.

இதை எழுதிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தலைத்திவசம் கழியும்வரை வெள்ளையடிக்க மாட்டார்கள். திவசத்துக்காக வெள்ளையடித்தோம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு முன்னாலேயே அடிக்கிறார்கள் என்றால் வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள். பெண் வீட்டார்.

பத்தாம் தேதி போனில் கேட்டபோதே எனக்குத் தெரியும். தேய்த்த சட்டையைப் பார்த்த அன்றே தெரியும். எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டுப் போதும். வீட்டில் பழம் இருக்கிறது. பிழியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டவுனுக்குப் போனேன். சொல்லாமல் போனேன்.

மைனி மெஷினில் இருந்தார். கத்தரிப்பூ நிறத்தில் பட்டு ரவிக்கை. அளவைப் பார்த்தாலே தெரிந்தது, ஒல்லியான பெண்ணுக்கு. என்னைக் கண்டதும் மைனி அதை மடியில் சுருட்டிக்கொண்டார். பிறகு, இனி மறைத்து என்ன என்பதுபோல் மறுபடி மெஷின்மேல் வைத்தார்.

வீடு வெள்ளை வெளேர் என்றிருந்தது. கூடத்து நீலம் போய்விட்டது. சுபா படம் மட்டும் அதே ஆணியில் இருந்தது.

அட்டையைப் பிரித்து வைத்தேன். சிவந்த துணியை மைனி பார்த்தார்.

"யாரு சொன்னா மைனி?"

"யாரும் சொல்லல. உங்க சுண்ணாம்புதான்."

மைனிக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. விளங்கியதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வெள்ளை தீந்து போச்சேன்னு தொட்டில கிடந்ததப் பூசினேன். டீச்சர் வீட்டுக்குப் போவுதுங்கத யோசிக்கல பாத்தியளா" என்றார்.

அதற்குப் பிறகு கோர்வையில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் கொண்டுவந்த இடம். அம்பாசமுத்திரம் பக்கம். பெண் நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். நயினார் முதலில் முடியவே முடியாது என்றார், பிறகு பேசாமல் இருந்தார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் கல்யாணம். எல்லாம் நியாயம்தான். எனக்கே அந்தப் பையனைப் பார்த்தால் பாவமாக இருந்ததுண்டு. மைனி இன்னும் எதையோ சொல்ல வருவது தெரிந்தது. ரவிக்கையின் கைத்துண்டை எடுத்து எடுத்து மடித்தார்.

"சொல்லுங்க மைனி."

"படத்த எடுத்திரணும்னு பொண்ணு வீட்ல சொல்லுதாங்க. வாற புள்ள கண்ணுல படக் கூடாதாம். அதுகூடப் பரவால்ல." கைத்துண்டை மெஷின்மேல் வைத்தார். "உங்க ரெண்டு பேரையும் கல்யாணத்துக்கு அழைக்கக் கூடாதாம். பெறகும் போக்குவரத்து வேண்டாம்ங்கிறாங்க. நான் எந்த வாயால மைனி உங்ககிட்ட..."

சுவரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எடுத்தது நான்தான், குற்றாலத்தில், தலை ஈரத்தோடு.

நான் கோபப்பட்டிருக்கலாம். வரவில்லை. அந்த அம்பாசமுத்திரத்துப் பெண்ணின் அம்மா இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றைத்தான் கேட்டேன்.

"இனிமே நான் உங்கள எப்படிக் கூப்புடணும்?"

மைனி எழுந்து உள்ளே போனார். அடுக்குப் பானைக்குள்ளிருந்து தன் மஞ்சள் முடிச்சைக் கொண்டுவந்தார். என்ன செய்ய என்று இந்த முறை கேட்கவில்லை. கத்தரிக்கோல் நுனியால் அவிழ்த்தார். காசை மெஷின் இழுப்பறையில் பாபின்களோடு போட்டார். துணியில் பசையைத் தடவி, என் துணிக்குப் பக்கத்தில், ஓரம் ஓரத்தைத் தொடும்படி ஒட்டினார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இந்தத் துணி விளிம்பில் மட்டும் சிவந்தது. நடு மஞ்சளாகவே நின்றது. சுண்ணாம்பு காற்றுப்பட்டு வலு குறைந்திருக்கும் என்று சொன்னேன்.

"அப்பிடியா மைனி" என்றார்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

செப்டம்பர் 13, சனி

வகுப்புக்கு நான் மட்டும் போனேன். மைனிக்கு வேலை என்று பியூலா டீச்சரிடம் சொன்னேன். அவர் அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்றார். இன்னும் கீழ் மூலை காலியாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

திவசம். எங்களை அழைத்திருந்தார்கள். இது கடைசி முறை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. நயினார் எள்ளும் தண்ணீரும் விட்டார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, மைனி ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். படம் இருந்த இடத்தில் சுவர் நீலமாக இருந்தது. கதவுக்கு வைத்த கண்ணாடிபோல, வெள்ளைக்கு நடுவே நீளவாக்கில் ஒரு நீலக் கட்டம்.

"அந்த எடத்துல மட்டும் அடிக்க விடல மைனி. படத்த எடுங்க அடிச்சிருதேன்னு அந்த ஆளு ஒத்தக்கால்ல நின்னான். சுத்தி அடிச்சிட்டுப் போன்னுட்டேன்." ஸ்டூலின்மேல் நின்றபடியே சொன்னார். "மேல காலண்டர மாட்டிருவேன். வாற புள்ளைக்குத் தெரியாண்டாம். அடில இருந்துட்டுப் போவட்டும். டீச்சரம்மா சொன்னதுதானே."

பழைய ஆணியிலேயே காலண்டரை மாட்டினார். நீலம் மறைந்துவிட்டது. படத்தைப் புடவையில் சுற்றி என் கையில் கொடுத்தார். இவர் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

துணி துவைத்தேன். இவர் சட்டைப்பையில் அந்தக் காசு. ஒவ்வொரு முறையும் எடுத்து, அடுத்த சட்டையில் போட்டு வைக்கிறேன். இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று முகூர்த்தம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று யாரோ சொன்னார்கள். அந்த நேரத்தில் புளி ஆய்ந்தேன். அரைத் தூக்குப் புளி. கொட்டை எடுத்து, நார் எடுத்து.

மைனி போன் செய்யவில்லை. செய்ய முடியாது என்று தெரியும். போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், அதுவும் உண்மை.

மத்தியானம் அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். சிவப்பு முன்னைப்போல் இல்லை. ஓரங்களில் பழுப்பாகி, சில இடங்களில் மஞ்சள் திரும்ப எட்டிப் பார்க்கிறது. சுண்ணாம்பு காற்றில் மெல்ல மெல்லச் செத்துச் சுண்ணாம்புக்கல்லாகிவிடும். அதற்கு எலுமிச்சை வேண்டாம், நாள் போனால் போதும். ஆனால் முதலில் இருந்த மஞ்சளாக இருக்காது. இதை அந்தப் பெண்ணிடம் நான் வகுப்பில் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

இவர் பின்னால் வந்து நின்றார். அட்டையை முதன்முறையாக முழுசாகப் பார்த்தார்.

"நீலமே இல்லையே இதுல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சுபாவுக்கு நீலம்லா பிடிக்கும்" என்றார்.

வாசலுக்குப் போய்விடுவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தில் நீலத்தைக் கரைத்துக் கொடுத்தேன். பிரஷ்ஷைப் பேனாவைப்போல் பிடித்துக்கொண்டு, செய்தித்தாள் துண்டின்மேல் ஒரு கோடு போட்டார். கோடு கோணிப்போனது. கோணினால் பரவாயில்லை என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எதிர்பார்க்கவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பிரமு மைனி. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். பஸ்ஸைவிட்டு இறங்கி வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது.

தண்ணீர் குடித்தார். சுவரில் இருந்த சுபாவைப் பார்த்தார். புதுப்பெண்ணைப் பற்றி நான்தான் கேட்டேன். நல்ல புள்ளை, சத்தமே இல்லை என்றார். சுபா வைத்த செடிக்கு அவள்தான் இப்போது தண்ணீர் விடுகிறாளாம். யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

போகும் நேரத்தில் மைனி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். கத்தரிப்பூ நிறப் பட்டு. அந்த ரவிக்கையில் மிஞ்சியது.

"மூலை இன்னும் காலியாத்தான் கெடக்கு. இத ஒட்டலாமா மைனி?"

அந்தத் துணியை அந்த அட்டையில் பார்க்க எனக்கு மனமில்லை. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. மைனிக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் போகிற நேரம்வரை எடுக்கவில்லை.

"கேக்கக் கூடாதுன்னுதானே விதி" என்றேன்.

பசை காய்ச்ச நேரமில்லை. இருந்த பசையைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மைனி துணியை நேராக வெட்டிக் கீழ் மூலையில், தனியாக, எதையும் தொடாமல் வைத்தார். ஒதுங்கி உட்கார்ந்த விருந்தாளியைப்போல் இருந்தது அது.

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க" என்றேன்.

ஏற்றினார்.

"இன்னும். மஞ்சத் துணிமேல படட்டும்."

மைனி என்னைப் பார்த்தார். பிறகு பட்டின் ஓரத்தை இரண்டு மஞ்சள் துணிகளின் நுனியிலும் படும்படி ஏற்றி வைத்து, கட்டை விரலால் நீவினார். நான் மறு ஓரத்தை நீவினேன். ஈரம் காயும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால் கிளம்பிவிடும். இருவரும் பிடித்துக்கொண்டிருந்தோம். மைனியின் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இவர் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

அடுத்து எப்போது வருவார் என்று தெரியாது. அட்டையில் இனி இடமில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட இடம் வேண்டும் என்பதில்லை.

எந்தக் கேள்விக்கும் கடைசியில் ஒரு செய்முறையாவது கொடுத்து அனுப்புவது என் பழக்கம். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதுவே. ஓர் அட்டையை எடுத்து, ஒரு மூலையில் மட்டும் உங்களுடையதை ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, மீதியைத் தொடாமல் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுங்கள்.